மொட்டை மாடிக்கு முதல் பார்பிக்யூ: எதை வாங்கலாம், எதை விடலாம்

நான் முதலில் வாங்கிய பார்பிக்யூ அடுப்பு சூட்கேஸ் மாதிரி மடங்கும். ஆன்லைனில் 1,400 ரூபாய். மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அதை விரித்து வைத்து, அக்கா வீடு, மச்சான் வீடு என்று பதினொரு பேரைக் கூப்பிட்டுவிட்டேன். ஏழு மணிக்குப் பற்றவைத்த கரி எட்டேகாலுக்குத்தான் சிவந்தது. அதற்கப்புறம் லெக் பீஸை வைத்தால் பத்தே நிமிடத்தில் வெளியே கரிக்கட்டை. முதல் துண்டைக் கடித்த மச்சான் ஒன்றும் சொல்லாமல் தட்டை ஓரமாக வைத்தார். எட்டிப் பார்த்தேன், எலும்போரம் ரத்தம். ஒன்பதரைக்கு முக்குக்கடையில் பரோட்டா வாங்கி வந்து சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

தப்பு கோழியிலும் இல்லை, மசாலாவிலும் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த ஆராய்ச்சி மூன்று வருடமாக ஓடுகிறது. சொந்தமாக வாங்கியது, நண்பர்கள் வீட்டில் நின்று சுட்டது, பட்டறையில் சொல்லிச் செய்தது என்று ஐந்தாறு விதத்தைப் பார்த்தாயிற்று. பார்பிக்யூ வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி "கரியா, கேஸா" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: அடுப்புக்கு மூடி இருக்கிறதா, நெருப்புக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது.

என் மடக்கு அடுப்பில் அந்த இடைவெளி நாலு விரல். மூடி கிடையாது. நாலு விரல் உயரத்தில் கங்கின் சூடு நேராக அடிக்கும்போது தோல் கருகும் வேகத்துக்கு உள்ளே சூடு இறங்காது. எலும்போடு இருக்கும் கோழித் துண்டு வேக எப்படியும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை அது அங்கே தாக்குப்பிடிக்காது. தகரமும் மெல்லிசு, இரண்டாவது தடவையே நெளிந்துவிட்டது. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டுமே, பனீர், இறால், காளான், அன்னாசி, சோளக்கதிர் மாதிரி சட்டென்று ஆகிற பொருளுக்கு அதுவே போதும். மெரினாவில் சோளம் சுடுகிறவர்களைப் பாருங்கள், ஒரு சின்னத் தட்டு, கொஞ்சம் கரி, கையில் விசிறி, அவ்வளவுதான். இரண்டு பேர் இருக்கிற வீடு, கோழி சுடும் ஆசை இல்லை என்றால் 1,400 ரூபாயோடு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம். குடும்பத்தையே கூப்பிட்டுச் சமைக்க அது ஆகாது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது கெட்டில் கிரில், உருண்டையாகப் பானை மாதிரி, மூடியோடு வருவது. இதன் பிறப்புக் கதை நம் மாடிக்கும் பொருந்தும். சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவருக்கு, திறந்த அடுப்பில் காற்றும் மழையும் சமையலைக் கெடுக்கிறதே என்று கடுப்பு. பட்டறையில் தண்ணீரில் மிதக்கவிடும் பெரிய இரும்பு மிதவைகள் செய்துகொண்டிருந்தார்கள். 1952-இல் அப்படி ஒரு மிதவையைக் குறுக்கே வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கிக்கொண்டார். சாயங்காலம் கடற்காற்று கிளம்பியதும் நம் மாடியில் நடப்பதும் அவருக்கு நடந்ததேதான். காற்றடிக்கிற பக்கம் கரி பறந்து எரிகிறது, மறுபக்கம் அணைகிறது, சாம்பல் கறியில் ஒட்டுகிறது.

மூடி வந்ததும் ஆட்டமே மாறிவிடுகிறது. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மறுபக்கம் கோழியை வைத்து மூடினால் அது கிட்டத்தட்ட கேக் சுடுகிற ஓவன் மாதிரி. நடுத்தரமான முழுக்கோழி ஒன்றேகால் மணி நேரத்தில் தோல் பொன்னிறமாக, கருகாமல் வெந்துவிடும். தோல் இன்னும் கொஞ்சம் முறுகலாக வேண்டுமென்றால் கடைசி ஐந்து நிமிடம் கங்குப் பக்கம் தள்ளிவிட்டால் சரி. மேலேயும் கீழேயும் இருக்கிற காற்றுத் துளைகளைத் திறந்தால் நெருப்பு ஏறும், குறுக்கினால் இறங்கும். விசிறியோடு பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை, போய் உட்கார்ந்து பேசலாம். எல்லாம் முடிந்ததும் துளைகளை அடைத்துவிட்டால் கரி அணைந்து, மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விஷயத்துக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

குறை என்றால் விலைதான். பெயர்பெற்ற வெளிநாட்டு கம்பெனி அடுப்பு உள்ளூர்ச் சரக்கைவிடப் பல மடங்கு. உள்ளூரில் கிடைக்கிற கெட்டில்களில் மூடி சரியாக உட்காருகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள், இடுக்கு இருந்தால் காற்றுத் துளையை அடைத்தும் ஒரு பயனும் இல்லை. மேலே இருக்கிற எனாமல் பூச்சு ஒரு இடத்தில் உதிர்ந்தாலும் அங்கிருந்து துரு கிளம்பும், கடலோரம் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம். அளவில் 47 சென்டிமீட்டர் விட்டம் நாலைந்து பேருக்கு, 57 என்றால் எட்டு பத்து பேருக்குத் தாராளம். பெரிதாக இருக்கட்டும் என்று ஒரேயடியாகத் தாண்டாதீர்கள், கரி தின்னும்.

இப்போது கேஸ். பட்டனைத் திருப்பினால் பத்து நிமிடத்தில் தயார், கையில் கரி ஒட்டாது, வாராவாரம் சுடலாம். நண்பர் வீட்டில் மூன்று பர்னர் கிரிலில் நானே நின்று சுட்டிருக்கிறேன், குறை சொல்ல முடியாது. ஒரு பர்னரை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் கோழியை வைத்தால் கெட்டிலில் செய்கிற அதே வித்தை. அதனால்தான் குறைந்தது இரண்டு பர்னரும் மூடியும் இல்லாத கேஸ் கிரிலை வாங்காதீர்கள் என்கிறேன்.

ருசி? கரியில்தான் வாசம் என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள், பாதிதான் உண்மை. நன்றாகச் சிவந்த கரியில் பெரிதாகப் புகையே வராது. கறியிலிருந்து கொழுப்பும் மசாலாச் சாறும் கங்கில் சொட்டி, அது புகைந்து மேலே வந்து ஒட்டுவதுதான் நாம் கரி வாசம் என்று சொல்வதில் பெரும்பங்கு. நல்ல கேஸ் கிரிலில் பர்னருக்கு மேல் இரும்புப் பட்டை இருக்கும், சாறு அதில் சொட்டிப் புகையும். கண்ணைக் கட்டிக்கொண்டு பனீர் டிக்காவைச் சாப்பிடச் சொன்னால் எங்கள் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று பந்தயமே கட்டுவேன். பெரிய கறித்துண்டு என்றால் தெரியும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

தொல்லை சிலிண்டரில்தான். வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோ பக்கம் வரும். அதை மூன்று மாடி ஏற்றி, திரும்ப இறக்கி... இரண்டாவது மாதமே கிரிலுக்கு மேல் துணி காய ஆரம்பித்துவிடும். 5 கிலோ சிலிண்டர் ஒன்றைத் தனியாக வாங்கி மேலேயே வைத்துக்கொண்டால்தான் இது நடக்கும். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த கிரில் என்றால் ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வாயில் உட்காராது, அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். இன்னொன்றை மறக்கவே கூடாது: மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். மூடிக்குள் கேஸ் தேங்கிய பிறகு பொறி வைத்தால் என்ன ஆகும் என்று என் நண்பரின் புருவத்தைக் கேட்டால் சொல்லும்.

கரண்ட் கிரிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது கம்பி போட்ட தோசைக்கல். அபார்ட்மென்டில் புகைக்கே அனுமதி இல்லை, பால்கனி மட்டும்தான் இருக்கிறது என்றால் வேறு வழியில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். 2,000 வாட் இருந்தால்தான் கொஞ்சமாவது சூடு நிற்கும். அதற்கு எட்டு ஒன்பது ஆம்பியர் இழுக்கும், ஆகவே 16 ஆம்பியர் சாக்கெட்தான் வேண்டும். மொபைல் சார்ஜ் போடுகிற நீட்டு ஒயர் பலகையில் சொருகினால் கோழிக்கு முன்னால் பலகை வெந்துவிடும்.

அப்புறம் நம்மூருக்கே உரிய வழி, வெல்டிங் பட்டறை. நான் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இதுதான். இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், கீல் போட்ட மூடி, இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற காற்று ஜன்னல், கரித்தட்டை ஏற்றி இறக்க இரண்டு படி. மேல் படியில் கம்பிக்கும் கரிக்கும் ஒரு சாண், கீழ்ப் படியில் ஒன்றரைச் சாண். 3 மில்லிமீட்டர் தகடு, எவர்சில்வர் கம்பி. கூலியோடு 6,200 ரூபாய் ஆயிற்று.

கெட்டிலை விட்டு இதற்கு வந்ததற்குக் காரணம் ருசியோ விலையோ இல்லை, என் மாமியார். சுத்த சைவம். கோழி கிடந்த கம்பியில் பனீர் வைத்தால் தொடமாட்டார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உருண்டை அடுப்பில் இதற்கு வழியே இல்லை. பட்டறைக்காரரிடம் சொன்னதும் சிரித்துவிட்டு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்து, கம்பியை இரண்டு துண்டாகத் தனித்தனியே எடுக்கிற மாதிரி செய்து கொடுத்தார். சைவக் கம்பியின் கைப்பிடியில் பச்சை பெயின்ட். புரட்டாசியில் இரண்டு பக்கமும் பச்சைதான், உருளைக்கிழங்கும் குடைமிளகாயும் அன்னாசியும் ஓடும். இந்தச் சமாச்சாரம் எந்தக் கம்பெனி விளம்பரத்திலும் இருக்காது, ஆனால் பாதி வீடுகளில் இதுதான் உண்மையான கேள்வி.

பட்டறையில் செய்கிறவர்கள் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். கால்வனைஸ் தகடு வேண்டாம், துத்தநாகப் பூச்சு சூட்டில் ஆவியாகிப் புகைந்தால் உடம்புக்குக் கெடுதல். பழைய டிரம்மை வெட்டிச் செய்து தருகிறேன் என்றால் உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள், பதில் தெரியாவிட்டால் வேண்டாம். கறுப்புத் தகடு துருப்பிடிக்கும், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு வாரம் போதும். சுட்டு முடித்து வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொஞ்சம் எண்ணெய் தடவித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறேன். எடையும் அதிகம், காரில் போட்டு ஏலகிரி போகலாம் என்ற கனவெல்லாம் நடக்காது.

இன்னும் முடிவு செய்யவில்லையா? எதையும் வாங்காமல் பதினாறு செங்கல்லும் ஒரு கம்பி வலையும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சுட்டுப் பாருங்கள். மூன்று பக்கம் அடுக்கி, ஒரு சாண் உயரத்தில் வலை, மேலே பழைய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்தால் மூடி. தரையில் நேராகக் கரியைக் கொட்டாதீர்கள், மாடித் தட்டோடு வெடித்துவிடும், அடியிலும் ஒரு வரிசை செங்கல் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் தள்ளியே இருக்கட்டும். இதை இரண்டு தடவை செய்தாலே உங்களுக்கு எவ்வளவு பெரிய அடுப்பு வேண்டும், நெருப்புக்குப் பக்கத்தில் நிற்க வீட்டில் யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். நிற்க ஆளில்லை என்றால் யோசிக்காமல் கேஸ்.

கரி விஷயத்தில் ஒரு வார்த்தை. நம் பக்கம் கிடைக்கிற அடுப்புக்கரியில் சீமைக்கருவேலம் நிறைய இருக்கும், ராமநாதபுரம் பக்கமெல்லாம் மூட்டம் போட்டு எடுப்பார்கள். நல்ல சூடு தரும், ஈரம் இருந்தால் பொறி பறக்கும். கொட்டாங்குச்சிக் கரிக்கட்டி மெதுவாகப் பிடிக்கும், நின்று எரியும், முழுக்கோழிக்கு அதுதான். எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர்தான் எனக்கு விறகுக்கடையைக் காட்டிக்கொடுத்தார், சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் போட்டு விற்பதில் பாதி விலைகூட இல்லை. பத்து பேருக்கு இரண்டு கிலோ போதும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், கற்பூரமும் வேண்டாம், வாடை கறியில் ஏறும். பெரிய டின் ஒன்றின் அடியில் நிறைய ஓட்டை போட்டு, செங்கல் மேல் நிறுத்தி, உள்ளே கரியை நிரப்பி, கீழே செய்தித்தாளைக் கசக்கிப் பற்றவைத்தால் இருபது நிமிடத்தில் மேல் கரி வரை சாம்பல் பூத்துவிடும். முதல் தடவை டின்னை வெறுமனே சுட்டு அதன் பெயின்ட் வாடையைப் போக்கிவிடுங்கள். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் எட்டேகால் வரை பதினொரு பேர் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள்.

மழை வந்தால் கரி அடுப்பை மாடிப்படி அறைக்குள் இழுத்துவிடாதீர்கள். கொடைக்கானல் குளிருக்கு அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிரை விட்டவர்கள் செய்தியைப் படித்திருப்பீர்கள். சாம்பல் பூத்து அணைந்த மாதிரி இருக்கும் கரியும் கார்பன் மோனாக்சைடை விடும், அதற்கு வாடையும் கிடையாது.

எந்த அடுப்பு வாங்கினாலும் கூடவே குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கோழியின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். மச்சான் இப்போதெல்லாம் வந்ததும் அதைத்தான் முதலில் கேட்கிறார். எண்ணைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் தட்டை நீட்டுகிறார்.

மடக்கு அடுப்பை எடைக்குப் போடலாம் என்று எடுத்து வைத்தேன், அம்மா விடவில்லை. துவையலுக்குக் கத்தரிக்காய் சுட அதைவிட நல்ல அடுப்பு கிடையாதாம். உண்மைதான், தோல் கருகினால்தானே அதற்கு ருசி.