மஞ்சக்குப்பம் ஆர்ஓ கடை: சாமான் நல்ல சாமான், பேச்சைத்தான் நம்ப முடியவில்லை

குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்ஓ மெஷின் விற்கிற இந்தக் கடையின் பெயரைப் போடவில்லை, இதே வித்தையைக் கடலூரில் இன்னும் சிலரும் காட்டுகிறார்கள் என்பதால்.

எங்களுக்கு வேண்டியிருந்தது வீட்டில் இருக்கிற, தண்ணீரில் உள்ள கிருமியை ஒளியால் கொல்லும் யூவி மெஷினுக்கு ஒரு விளக்கு. போன் பண்ணியதும் அன்றைக்கே ஆள் வந்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்தவர் மெஷினைத் திறந்துகூடப் பார்க்காமல் "இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்லைங்க" என்றார். அப்புறம் பையிலிருந்து கம்பி செருகிய ஒரு கருவியை எடுத்து, ஒரு டம்ளரில் நம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த, உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் நம் டம்ளர் செங்காவி நிறமாகி மேலே அழுக்கு நுரை கட்டிவிட்டது, அவருடையது அப்படியே பளிங்கு மாதிரி இருந்தது. "இதைத்தான் தினமும் குடிக்கிறீங்கம்மா, பக்கத்துல சிப்காட் கெமிக்கல் கம்பெனிங்க வேற" என்று அவர் சொன்னதும் அம்மா முகமே மாறிவிட்டது.

அந்தச் செங்காவி தண்ணீரில் இருந்ததல்ல. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்த தண்ணீரில் கரண்ட் ஓடும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, கரண்ட் சரியாக ஓடாது, அதனால் நிறம் மாறாது. அந்த நல்ல டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுத் திரும்ப சுவிட்சைப் போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கருவியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் அவருடைய டிடிஎஸ் மீட்டரே நம் குழாய்த் தண்ணீருக்கு 310 காட்டியது. இந்திய தர நிர்ணய அமைப்பின் கணக்கில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை தாராளமாகக் குடிக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விடுகிறார்கள். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே உத்தரவு போட்டது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகிறதே, அந்தக் கவலையும் அதில் உண்டு. கடற்கரைப் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற வீடுகளுக்கு ஆர்ஓ வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. சிப்காட் பயமும் இந்த ஊரில் சும்மா வந்ததில்லை. ஆனால் அந்த மீட்டர் ரசாயனத்தையும் கிருமியையும் தனியாகக் காட்டாது, அதற்கு ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஊர்க்காரர்களுக்கு இருக்கிற உண்மையான பயத்தை எடுத்து 16,500 ரூபாய் மெஷின் விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கடை என்றால் லாபம் பார்க்கத்தான் செய்வார்கள், விளக்குக்கு இரட்டை விலை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

வந்த பையனைத் திட்ட மனசு வரவில்லை. மாதத்துக்கு இத்தனை மெஷின் தள்ளணும், இல்லாவிட்டால் இன்சென்டிவ் கட் என்று வாசலில் செருப்பு மாட்டும்போது அவரே சொன்னார். கருவியைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

வராது என்ற ஸ்பேர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன ரிப்பேர் கடையில் கிடைத்தது, மாட்டுகிற கூலியோடு 650 ரூபாய்.

என் மார்க் 5-க்கு 2. ஃபில்டர் கேண்டில் அங்கே வாங்கலாம், ஒரிஜினல், விலையும் நியாயம், பில்லும் தருகிறார்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லாதீர்கள், போன் நம்பர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், "ஆஃபர் இன்னியோட முடியுது சார்" என்று எனக்கு இன்னும் கால் வந்துகொண்டிருக்கிறது.