செய்கூலி நியாயம், சேதாரம் கொஞ்சம் அதிகம்: கடலோரப் பள்ளியில் நான் படித்த பிரெஞ்சு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை. வயது 48. பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன், போன ஆடியில் புதுச்சேரிக்குப் போய், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கும் ஒரு மொழிப் பள்ளியில் நான்கு வாரம் பிரெஞ்சு படித்துவிட்டு வந்தேன். பள்ளியின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், பாடம் நடத்திய அம்மாளிடம் எனக்கு மரியாதையும் இருக்கிறது.

படித்த காரணத்தை மறைக்க ஒன்றுமில்லை. புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் ஆறு வருடமாக என்னிடம் கொலுசு எடுக்கிறார். என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார். கூட மகளும் வருவார். நான் கூலியைச் சொன்னதும் இருவரும் முகத்தை முகம் பார்த்துத் தங்கள் மொழியில் முணுமுணுப்பார்கள். 'பா ஷேர்' என்று ஓர் ஒலி மட்டும் ஒவ்வொரு முறையும் காதில் விழும். முகத்தில் சிரிப்பு இருக்காது. விலை கசக்கிறது போலிருக்கிறது என்று நானாகவே கிலோவுக்கு 500 ரூபாய் இறக்கிவிடுவேன். என் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்குப் புரியாத மொழியில் என் சரக்குக்கு விலை பேசுகிறார்களே என்ற எரிச்சல்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, பட்டறையில் வேலை குறைவு. அதனால் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். கோட்டை மாரியம்மன் திருவிழா நேரத்தில் ஊரைவிட்டுப் போகிறானே என்று வீட்டில் எல்லோருக்கும் கோபம். குகைப் பகுதியில் சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு மட்டும் இரண்டு நாள் மட்டம் போட்டுவிட்டு வந்து போனேன். பஸ்ஸில் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக ஐந்து மணி நேரம்.

கட்டணம், நான் சேர்ந்த அன்றைய விலையில் கால் கிலோ வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. 20 நாள், நாளுக்கு 4 மணி நேரம், ஆக 80 மணி. இந்த எண்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வேலைக்கு ஏற்ற கூலிதான், குறை சொல்லமாட்டேன். சேதாரம்தான் வேறு கணக்கு. புத்தகம் கட்டணத்தில் அடங்கும் என்று தொலைபேசியில் சொன்னவர்கள், நேரில் போனதும் அதற்குத் தனி ரசீது போட்டார்கள். வகுப்புக்கு 12 பேர் என்றார்கள்; எண்ணிப் பார்த்தேன், 19. தங்குவதற்கு என்று கொடுத்த பட்டியலில் மூன்று முகவரிகள். ஒன்றில் வீடு பூட்டியிருந்தது, இன்னொன்றில் பெண்களுக்கு மட்டும். மூன்றாவது இடத்தில் நான்கு வாரம் கொசுவோடு குடித்தனம்.

கடலும் சேதாரத்தில்தான் சேரும். விளம்பரப் படத்தில் ஜன்னல் முழுக்க நீலம். உண்மையில் மாடி வகுப்பின் ஓரத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தால் இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு விரற்கடை கடல். அதைக்கூட மன்னித்துவிடலாம். பதினொரு மணிக்கு மேல் அந்த உப்புக்காற்று வந்து முகத்தில் படும்போது, மலையைப் பார்த்தே வளர்ந்தவனுக்குக் கண் சொக்குகிறது. வினைச்சொல் மாறுபாடுகளில் பாதியைத் தூக்கத்தில்தான் கேட்டேன். விரலில் இருந்த வெள்ளி மோதிரமும் அந்த ஒரு மாதத்தில் கறுத்துப்போனது.

இனி, பாடம் நடத்திய அம்மாளைப் பற்றி. புதுச்சேரித் தமிழர், அறுபதை நெருங்கியவர். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அந்த ஊரில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்கிறார்கள். வகுப்பில் பாதிப்பேர் கனடாவுக்குப் போகத் துடிக்கும் இளைஞர்கள். நடுவில் நான் ஒருவன் மூக்குக்கண்ணாடியோடு. முதல் நாளே என் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். ஒலிகளை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். "இதில் 'ப்வாஸோன்' என்று மூன்று இடத்தில் இருக்கிறதே, எது மீன், எது பானம், எது விஷம்?" என்றார். பிரெஞ்சில் மூன்றும் வெவ்வேறு ஒலி. நம் எழுத்தில் ப ஒன்றுதான், அழுத்தியும் மெலித்தும் காட்ட வழியில்லை; ஸவிலும் அதே கதை. உணவகத்தில் மீன் கேட்டு விஷம் வாங்கியிருப்பேன். அன்றோடு தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதற்குத் தடை.

ஆனால் தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர் இல்லை அவர். நீ, நீங்கள் என்ற வித்தியாசம் பிரெஞ்சிலும் உண்டு. ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் எதை எங்கே போடுவது என்று திணறினார்கள். சின்னக் குழந்தையைக்கூட 'வாருங்கள்' என்று அழைக்கும் எங்கள் பக்கத்து ஆளுக்கு அதில் என்ன சிரமம்? கிழமைகள் வந்தபோது என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எந்த ஊர் என்றார். செவ்வாய்ப்பேட்டை என்றேன். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்த பெயர். பிரெஞ்சில் செவ்வாய்க்கிழமை 'மார்தி', மார்ஸ் என்ற கோளின் நாள். அதே செவ்வாய்! புதனும் வியாழனும் வெள்ளியும் அப்படியே கோளுக்குக் கோள் பொருந்துகின்றன. திங்கள் அங்கேயும் நிலாதான். சனியில்தான் கதை மாறுகிறது, அவர்கள் யூதர்களின் ஓய்வுநாள் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஞாயிறு ஆண்டவரின் நாள். ஏழில் ஐந்து பொருந்தினால் எங்கள் பக்கம் கல்யாணமே நிச்சயம் செய்துவிடுவோம்.

இரண்டாவது வாரம் ஒரு பழைய கரண்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பாட்டியுடையது. "இதைப் பற்றி ஐந்து வாக்கியம், பிரெஞ்சில்." பையில் லென்ஸ் இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. பிடியின் பின்புறம் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண்ணின் தலை, பக்கத்தில் 1 என்ற எண். மினெர்வா முத்திரை, பிரான்சில் 1838 முதல் வெள்ளிக்குப் போடுவது. அந்தக் காலத்துச் சாமானில் 1 என்றால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி. நாம் ஸ்டெர்லிங் என்று சொல்லும் 925-ஐவிட உயர்ந்தது. இதைச் சொல்ல எனக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது. வினைச்சொல் எல்லாம் கோணல். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் வகுப்பு முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே வரவில்லை. முடித்த பிறகு ஒரே ஒரு வார்த்தையைப் பலகையில் எழுதினார். 'அர்ஜான்'. வெள்ளிக்கும் அதுதான் சொல், பணத்துக்கும் அதுதான் சொல். மலேசியாவில் என் சித்தப்பா 'பத்து வெள்ளி' என்று ரிங்கிட்டைச் சொல்வது நினைவுக்கு வந்தது. அன்று இரவு கொசு கடித்தும் எனக்கு உறைக்கவில்லை.

எண்கள்தான் என்னை அழவைத்தன. தினமும் எண்ணோடு புழங்குகிறவன், அறுபத்தொன்பது வரை நன்றாகப் போனேன். எழுபதுக்கு அவர்கள் அறுபதும் பத்தும் என்கிறார்கள். எண்பதுக்கு நான்கு இருபது. தொண்ணூற்றொன்பது, நான்கு இருபதும் பத்தும் ஒன்பதும். இது என்ன கூத்து என்று கேட்டேன். "நீங்கள் தொண்ணூறில் நூறையும் தொள்ளாயிரத்தில் ஆயிரத்தையும் எதற்கு இழுக்கிறீர்கள்?" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கு மருந்து ஊருக்கு வந்த பிறகுதான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் ஏற்காடு ஏறுவது என் வழக்கம். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பலகை. ஒவ்வொரு பலகைக்கும் பிரெஞ்சில் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டு ஏறினேன். இருபதாவது வளைவில் 'வேன்'. அந்தக் குளிரில் மண்டையில் ஏதோ திறந்துகொண்டது. எண்பது என்றால் நான்கு தடவை ஏற்காடு! தொண்ணூற்றிரண்டு என்றால் நான்கு தடவை ஏறிவிட்டு, ஐந்தாவது தடவை பன்னிரண்டாம் வளைவில் டீ குடிக்க நிற்பது. அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

முதல் நிலைத் தேர்வை எழுதினேன். நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 வேண்டும். எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. எனக்கு 61. கேட்டல் பகுதியில் 9 மட்டும், அது கடற்காற்றின் உபயம். போக நினைப்பவர்கள் அலுவலகத்தில் சொல்லும் எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சேருமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், ஜன்னலுக்குத் தள்ளி இடம் பிடியுங்கள்.

'பா ஷேர்' என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. மூன்றாவது வாரம், கடைவீதிப் பாடம். 'ஷேர்' என்றால் விலை அதிகம். 'பா' என்றால் இல்லை. ஆறு வருடமாக அவர்கள் மலிவு, மலிவு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஐப்பசியில் தாயும் மகளும் வந்தார்கள். கூலியைச் சொன்னேன். முணுமுணுத்தார்கள். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ரூபாய் இறக்கவில்லை. ஐந்து கிலோ எடுத்துக்கொண்டு போனார்கள். இவ்வளவு செலவழித்துப் படித்துவிட்டு ஒரு வணக்கமாவது அவர்கள் மொழியில் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். சொல்லியிருந்தால் அடுத்த முறை வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார்கள்.