ஹெக்-ராஸ்: போர்ட் லூயிஸ் வெள்ளத்துக்கு எந்தப் பதிப்பு?

மொரீஷியஸில் வடிகால், வெள்ளம் என்று வேலை செய்பவர்களுக்கு வெள்ளம் எங்கே, எவ்வளவு உயரத்துக்கு வரும் என்று கணக்கிடும் ஹெக்-ராஸ் (HEC-RAS) மென்பொருளில் இப்போது மூன்று வழி இருக்கிறது: பழகிய 5.0.7, அதற்குப் பின் வந்த 6.6, புதிதாக எழுதப்பட்டு வரும் 2025. மூன்றும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாகத் தருபவை. காசு பிரச்சினை இல்லை என்பதால், நம் ஊரில் வெள்ளம் எப்படி வருகிறது என்பதை வைத்தே முடிவு செய்யலாம்.

812 மீட்டர் உயர லெ பூஸ் மலை போர்ட் லூயிஸுக்கு முதுகிலேயே நிற்கிறது. அங்கிருந்து கடலுக்குச் சில கிலோமீட்டர்தான். 2013 மார்ச் 30 அன்று கொட்டிய மழையில் துறைமுகக் கரையோரக் கோதான் (Caudan) பக்கத்துச் சுரங்கப்பாதைக்குள் தண்ணீர் புகுந்தது. அன்றைய வெள்ளத்தில் 11 உயிர்கள் போயின. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தெருவில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டன. பெரிய ஆறு மெல்ல ஏறிக் கரை தாண்டுகிற கதை இல்லை இது. மழை விழுந்த இடத்திலேயே திரண்டு, தெரு வழியாக ஓடி, குறுகிய பாலத்தில் முட்டி மேலே எழும் வெள்ளம். தைப்பூசக் காவடிக்கு நம் சனம் ஆற்றங்கரையில் கூடுவதும் இந்த மழைக்காலத்தில்தான்.

5.0.7 நிதானமான பதிப்பு. ஓர் ஓடையின் குறுக்குவெட்டுகளை வைத்து ஒருபரிமாணக் கணக்கு (தண்ணீர் ஓடையின் நீளவாக்கில் மட்டும் ஓடுவதாக) மட்டும் போடுகிறீர்கள் என்றால் அதுவே போதும், மாற வேண்டாம். இருபரிமாணப் பரப்பில், அதாவது தண்ணீர் எல்லாப் பக்கமும் பரவக்கூடிய பரப்பில், நேரடியாக மழை பெய்யவிடுவதும் அதில் முடியும். ஆனால் மண் எவ்வளவு குடிக்கும் என்று அது கணக்கிடாது. ஹெக்-எச்எம்எஸ் போன்ற வேறொரு மென்பொருளில் கழித்துவிட்டு, மிஞ்சிய மழையைத்தான் கொடுக்க வேண்டும். ஒரு பரப்பு முழுக்க ஒரே மழை. மலைப்பக்கம் கொட்டும்போது கடலோரம் வெயில் அடிக்கிற ஊருக்கு இது பொருந்தவே பொருந்தாது.

6-ஆம் வரிசையில் இரண்டும் சரியாகிவிட்டன: இடத்துக்கு இடம் மாறும் மழையும் உண்டு, மண் குடிக்கும் ஊடுருவலும் உண்டு. மார்ச் மாதம் மண் ஏற்கனவே ஊறித்தானே கிடக்கும், ஊடுருவல் எதற்கு என்று கேட்கலாம். சரிதான், தண்ணீர் அளவில் பெரிய வித்தியாசம் வராமல் போகலாம். ஆனால் புதர் மண்டிய சரிவையும் கான்கிரீட் போட்ட தெருவையும் தனித்தனியாகக் காட்டினால், தண்ணீர் எந்த நேரத்தில் பாலத்தை எட்டும் என்பது மாறும். எச்சரிக்கை விட நமக்கு வேண்டியது அந்த நிமிடங்கள்தான்.

என்னைப் பொறுத்தவரை மாறுவதற்கு முக்கியக் காரணம் பாலம். 5.0.7-இல் இருபரிமாணப் பரப்புக்குள் பாலம் வைக்க முடியாது. மதகு மாதிரி ஒன்றைப் போட்டுச் சமாளிக்க வேண்டும். 6-இல் தளம், தூண், திறப்பு எல்லாவற்றையும் அப்படியே கொடுக்கலாம். தண்ணீர் தளத்தை எட்டி அழுத்தத்தோடு பாய்வதும், மேலேறி வழிவதும், வழிந்தது பக்கத்துத் தெருவில் எங்கே இறங்குகிறது என்பதும் ஒரே ஓட்டத்தில் தெரியும். கிளையும் பிளாஸ்டிக்கும் வந்து அடைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. அதனால் திறப்பைப் பாதியாகக் குறைத்து இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். பாலத்தருகே, வேக மாற்றத்தின் விளைவை விட்டுவிடும் எளிய விரவல் அலைச் சமன்பாட்டை (diffusion wave) நம்பாமல், அதையும் சேர்க்கும் முழுச் சமன்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். கணினி மெதுவாகத்தான் ஓடும், ஓடட்டும்.

2025 அடியிலிருந்து புதிதாகக் கட்டப்படுவது. ஆல்ஃபா நிலையில், அதாவது ஆரம்பச் சோதனை நிலையில், வெளிவந்தது. நிலத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் வலை வரைந்து பழக, மாணவர்கள் விளையாடிப் பார்க்க நல்லது. மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு வடிகால் அகலம் முடிவு செய்யும் கோப்பில் அதன் எண்ணை எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

5.0.7-உம் 6.6-உம் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். பழைய கோப்புறையை முழுதாகப் பிரதி எடுத்து, பிரதியை மட்டும் 6.6-இல் திறவுங்கள். எதையும் மாற்றாமல் முதலில் ஓட்டி, பழைய நீர்மட்டங்களோடு ஒப்பிடுங்கள். அப்புறம் பாலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.