கரும்புகைக்கு டர்போவை மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள், சைலன்சர் மீதும் ஒரு கண் வையுங்கள்

பழைய பிக்கப் வைத்து லோடு அடிக்கிற எல்லோரும் இதைப் படித்துவிட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். கரும்புகையை நிறுத்தித் தருகிறோம் என்று என்னிடம் 48,000 ரூபாய் வாங்கினார்கள். புகை நிற்கவில்லை. போதாததற்கு, சைலன்சர் லைனில் இருந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் (புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் டப்பா) உள்சரக்கையும் உருவிக்கொண்டார்கள்.

என்னுடையது 2017 மாடல் பொலேரோ பிக்கப், பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 புகைத் தரம்) டீசல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மூணாறுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். சின்னாறு செக்போஸ்ட் தாண்டி மறையூர் ஏற்றத்தில் வண்டி இழுவை இல்லாமல் திணறும், பின்னால் வருகிறவனுக்கு ரோடே தெரியாத அளவுக்குக் கரும்புகை தள்ளும். காலி வண்டியாகச் சமதளத்தில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி எடுக்க வேண்டும், அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும்.

ஒர்க்‌ஷாப் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிப் பார்த்தார். "அண்ணே, டர்போ சீல் போச்சு. நாலு இஞ்செக்டரையும் கழட்டி சர்வீஸ் பண்ணணும். இப்படியே ஓட்டினா என்ஜினே இறங்கிடும்" என்றார். டர்போ என்பது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் பாகம், இஞ்செக்டர் டீசலைப் பீய்ச்சுவது. ஸ்கேனர் போடவில்லை, ஒரு ஹோஸைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. என்ஜின் இறங்கிடும் என்று சொல்லிவிட்டால் லோடு வண்டிக்காரன் மறுபேச்சுப் பேச மாட்டான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேலை முடிந்து பழைய டர்போவைக் கேட்டேன், "எக்ஸ்சேஞ்சுக்குப் போயிடுச்சுண்ணே" என்றார்கள். சைலன்சரை எதற்குக் கழட்டினீர்கள் என்று கேட்டேன். "அடைப்பு எடுத்திருக்கோம், இனி ஃப்ரீயா மூச்சு விடும்" என்றார்கள். பில் என்று கொடுத்தது வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிய கணக்கு.

அடுத்த லோடிலேயே மறையூர் ஏற்றத்தில் அதே புகை.

திண்டுக்கல்லில் டீசல் பம்ப் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்டது, "பழைய டர்போ இருந்தப்ப ஆயில் குறைஞ்சுதா தம்பி?" குறையவில்லை என்றேன். "அப்புறம் சீல் எப்படிப் போயிருக்கும்?" என்றார். டர்போ சீல் போனால் ஆயில் எரிந்து நீலப் புகை வரும், டிப் ஸ்டிக்கில் அளவும் இறங்கும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும். கரும்புகை என்றால் டீசல் அதிகம் போகிறது, இல்லாவிட்டால் காற்று போதவில்லை. லோடில் மட்டும் வருகிறது, இழுவையும் இல்லை என்றால் டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் காற்று வழியில் எங்கோ வெளியேறுகிறதா என்று முதலில் பார்க்கணும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே அந்த ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தைக் காட்டினார். கிளாம்புக்குப் பக்கத்தில் வெடிப்பு, அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. ஐடிலில் மூடிக்கொண்டு கிடக்கும், டர்போ காற்றை அமுக்கும்போது வாய் திறக்கும். ஹோஸும் கிளாம்பும் மாற்றி, கரி பிடித்திருந்த ஈஜிஆர் வால்வையும் (நச்சு வாயு குறைய, எரிந்த புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி விடுவது) கழட்டிச் சுத்தம் செய்தார். எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது, புகையும் நின்றது. புகைச் சோதனையும் பாஸ். புகையின் கருமைக்கு பிஎஸ்4 டீசலில் வரம்பு 1.62, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 2.45. சோதனைச் சீட்டில் உங்கள் வண்டிக்கு வந்த அளவைப் பாருங்கள். வரம்பை ஒட்டி நின்றால் கோளாறு ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கண் எரியும் நெடி மட்டும் போகவில்லை. பெரியவர் வண்டிக்கு அடியில் படுத்து கன்வெர்ட்டரைத் தட்டினார், காலி டப்பாவின் சத்தம். ஓரத்தில் புது வெல்டிங். வெட்டித் திறந்து உள்ளே இருந்த தேன்கூடு மாதிரியான கல்லை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் பிளாட்டினம், பல்லேடியம் பூசியிருப்பார்கள். பழைய இரும்புக் கடையில் அதற்குத் தனி விலை. ஈகோ வேன்களில் சைலன்சர் திருடுகிற கும்பல்கள் பிடிபட்ட செய்தி குஜராத், டெல்லி பக்கமிருந்து வந்ததே, அதுவும் இதற்காகத்தான். டீசல் புகைச் சோதனையில் புகையின் கருமையைத்தான் அளக்கிறார்கள், அதனால் இந்தத் திருட்டு அங்கே மாட்டாது. அவர்களுக்கு அதுவே வசதி. டீசல் எரியாமல் விட்ட மிச்சமும் கார்பன் மோனாக்சைடும் அப்படியே தெருவுக்கு வருகின்றன. மார்க்கெட்டில் வண்டி பின்னால் நின்று மூட்டை இறக்குகிற பிள்ளைகள் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். எனக்குப் பணம் போனதைவிட இதுதான் அதிகம் கொதிக்கிறது.

வண்டியை விடும் முன் கீழே குனிந்து சைலன்சர் லைன் முழுவதையும் கன்வெர்ட்டர் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கழட்டுகிற பழைய பார்ட் எல்லாம் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டர்போ போச்சு என்றால் அதற்குள் சுழலும் ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறதா என்று உங்கள் கையால் ஆட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கன்வெர்ட்டருக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் (மனு ஏற்றதற்கான ரசீது) வாங்கிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. வாடகை வண்டி, வியாபாரம், கேஸ் நிற்காது என்று அந்த ஒர்க்‌ஷாப்பில் மிரட்டிப் பார்த்தார்கள். தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவனை 2019 சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. வேலைக்காக நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. இதே மாதிரி அடிபட்டவர்கள் பழநி, ஒட்டன்சத்திரம் பக்கம் இருந்தால் அந்த வெள்ளைத் தாள் கணக்கையும் ஜிபே ரசீதையும் பத்திரமாக வையுங்கள். மனு கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. விவரம் கேட்க 1915க்குப் போன் போடலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.