டாம்சுலோசின்–டூடாஸ்டரைடு கூட்டு மாத்திரை: பதினான்கு மாதப் பயன்பாட்டில் கண்டது

பெங்களூர் அல்சூரில் வசிக்கும் எனக்கு வயது 64. இரவில் ஐந்து முறை எழுந்து, கழிப்பறைச் சுவரில் கையை ஊன்றியபடி சொட்டுச் சொட்டாக நீர் பிரியும்வரை நின்றுகொண்டிருந்த நாட்களில்தான், புராஸ்டேட் சுரப்பி வீக்கத்திற்கென்று டாம்சுலோசின் 0.4 மில்லிகிராமும் டூடாஸ்டரைடு 0.5 மில்லிகிராமும் சேர்ந்த இந்த மாத்திரை எனக்கு எழுதித் தரப்பட்டது.

சிறுநீர் விஷயத்தில் குறை சொல்ல இடமில்லை. முதல் வாரத்திலேயே நீர் தடையின்றிப் பிரிந்தது. இரவில் எழுவது ஒரு முறையாகக் குறைந்தது.

இரண்டாம் வாரத்தில் உறவின் முடிவில் உச்சம் வந்தது, விந்து மட்டும் ஒரு துளிகூட வரவில்லை. ஏதோ நரம்பு அறுந்துவிட்டது என்றே நினைத்துப் பயந்தேன். பிறகு படித்தபோதுதான், புராஸ்டேட்டையும் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் தளர்த்தி நீருக்கு வழிவிடும் டாம்சுலோசின், விந்தை வெளியே தள்ளும் தசைகளையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது என்பதும், இதனால் உடலுக்குக் கேடில்லை, நிறுத்தினால் சரியாகிவிடும் என்பதும் தெரிந்தது. அமெரிக்க மருந்துக் குறிப்பில் இந்த அளவை எடுத்தவர்களில் 8.4 விழுக்காட்டினருக்கும், அதே வகையைச் சேர்ந்த சிலோடோசினை எடுத்தவர்களில் 28 விழுக்காட்டினருக்கும் விந்து வெளியேற்றக் குறை வந்ததாக அச்சிட்டிருக்கிறார்கள்.

டூடாஸ்டரைடு செய்வது வேறு, அது மெதுவாகவும் வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் டிஎச்டி என்னும் ஹார்மோனாக மாறுவதைத் தடுத்து, அதன் அளவை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைத்துச் சுரப்பியைச் சுருக்குகிறது. ஐந்தாம் மாதவாக்கில் எனக்கு நாட்டமே மங்கியது, விறைப்பும் பாதியில் தளர்ந்தது. வெட்கப்பட்டு நானாகவே ஒதுங்கிப் படுக்கத் தொடங்கியபோது, "என் மேல என்னங்க கோபம்?" என்று மனைவி கேட்டாள். முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

எழுதித் தந்த மருத்துவரிடம் சொன்னேன். "வயசு அறுபத்திநாலு ஆச்சே, இனிமே என்ன சார்?" என்று சிரித்தார். பக்கவிளைவை மருத்துவர் முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் மறுக்கமாட்டேன்: 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், டூடாஸ்டரைடின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபினாஸ்டரைடை எடுத்தவர்களில் பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று எச்சரிக்கப்பட்டோரில் 43.6 விழுக்காட்டினரும், எச்சரிக்கப்படாதோரில் 15.3 விழுக்காட்டினரும் அக்குறைகளைச் சொன்னார்கள். சொல்வதே நோயைக் கூட்டுகிறது என்று வாதிடலாம். ஆனால் யாரும் சொல்லாமலேயே எனக்கு வந்தது. சொல்லியிருந்தால் மனைவியிடம் என்ன பதில் சொல்வது என்றாவது தெரிந்திருக்கும்.

வேறொரு சிறுநீரியல் மருத்துவர் ஸ்கேனைப் பார்த்து, சுரப்பி அவ்வளவு பெரியதல்ல, டூடாஸ்டரைடு தேவையே இல்லை என்றார். தினமும் 5 மில்லிகிராம் டாடலாஃபில் சிறுநீர், விறைப்பு ஆகிய இரண்டு குறைக்கும் உதவுமாம்; இதயத்திற்காக நான் நைட்ரேட் எடுப்பதால் அது கூடவே கூடாது. ஆகவே விந்து வெளியேற்றத்தை அவ்வளவாகப் பாதிக்காத அல்ஃபூசோசின் 10 மில்லிகிராமுக்கு மாற்றினார். டூடாஸ்டரைடின் அளவு உடலில் பாதியாகவே ஐந்து வாரம் பிடிக்கும், அவசரப்படக் கூடாது என்றும் சொன்னார்.

மருந்துக் கடையில் குறிப்புத் தாள் இல்லாமல் அட்டையைக் கத்தரித்து உறையில் போட்டுத் தருவதால் இன்னும் இரண்டு விஷயங்களும் எனக்குத் தெரியாமல் போயின. டூடாஸ்டரைடை ஆறு மாதம் எடுத்தவரின் பிஎஸ்ஏ அளவு (புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனை) ஏறக்குறைய பாதியாகக் காட்டும், அதை இரட்டித்தே படிக்க வேண்டும். டூடாஸ்டரைடு தோல் வழியாகவும் உடலுக்குள் இறங்கும் என்பதால் கசியும் மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடக் கூடாது; பிரசவத்திற்கு வந்திருந்த என் மகள்தான் அத்தனை நாளும் என் மருந்து டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

இந்த மாத்திரைக்கு, சிறுநீர் விஷயத்தில் ஐந்துக்கு நான்கரை மதிப்பெண்ணும், தாம்பத்திய விஷயத்தில் ஒரு மதிப்பெண்ணும் தருவேன். மாற்றி மூன்று மாதம் ஆகிறது. நாட்டம் திரும்பியிருக்கிறது, விந்தும் ஓரளவு வருகிறது. நீரின் வேகம் சற்றுக் குறைந்து, இரவில் இரண்டு முறை எழுகிறேன்; மனைவியின் தூக்கம் கலையாதிருக்க விளக்கைப் போடாமலே போய்வரப் பழகிவிட்டேன்.