வடபழனி ஓஇடி கோச்சிங்: சனிக்கிழமை வகுப்புக்காகவே சேரலாம்

நான் பதினோரு வருடமாக நர்ஸ். அதில் ஏழு வருடம் இதய வார்டு. ஆஸ்திரேலியா போகலாம் என்று முடிவானதும், வடபழனி மெட்ரோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சென்டரில் ஓஇடிக்கு (OET, வெளிநாடு போகும் நர்ஸ், டாக்டர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு) மூன்று மாதம் படித்தேன். கட்டணம் 18,000 ரூபாய். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

லிஸ்டனிங் வகுப்பில் பாதி ஹெட்போன்களுக்கு ஒரு காதுதான் வேலை செய்யும். ரைட்டிங் அதைவிட மோசம். ஒரு நோயாளி பற்றிய குறிப்புகளை (கேஸ் நோட்ஸ்) படித்து 45 நிமிடத்தில் கடிதம் எழுத வேண்டிய தேர்வு அது. நைட் டியூட்டி முடித்து வந்து எழுதிக் கொடுத்தால், திருத்தித் தர பத்து நாள். அதற்குள் நோயாளிக்கு என்ன வியாதி என்பதே மறந்துவிடும்.

ஆனால் சனிக்கிழமை ஸ்பீக்கிங் வகுப்பு வேறு ரகம். எடுப்பவர் நடு ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் பூர்வகுடி மக்களே நடத்தும் கிளினிக்கில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய சிஸ்டர். அந்த மாதிரி கிளினிக்குகளில் முதலாவது 1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கியதாம். நர்ஸ், நோயாளியாக நடித்துப் பேசும் ரோல்-ப்ளேயில் நான் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கியபோது நிறுத்தச் சொன்னார். "அங்கே இப்படிக் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். ஒன்று கேள், அப்புறம் சும்மா இரு." பத்து வினாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியவர்களை அங்கேயும் ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்களாம். நமக்கு அது ஒன்றாவது சுலபம்.

இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் பற்றிப் பேசியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் வார்டில் வால்வு கெட்டுப்போய் வரும் இளம்பெண்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! ஆஸ்திரேலியாவில் அந்த நோய் பெரும்பாலும் பூர்வகுடிப் பிள்ளைகளைத்தான் பிடிக்கிறது. சின்ன வீட்டில் நிறைய பேர் நெருக்கியடித்து இருப்பது ஒரு முக்கியக் காரணம். மருந்தும் அதே பென்சிலின் ஊசி. நாம் மூன்று வாரத்துக்கு ஒன்று போடுவோம், அங்கே வழக்கமாக 28 நாளுக்கு ஒன்று, வருடக்கணக்கில். "ஊசி போட நீ போதும். ஆனால் பையன் இந்த வாரம் எந்தச் சித்தி வீட்டில் இருக்கிறான், வீட்டில் சாவு விழுந்திருக்கிறதா, இன்றைக்குக் கதவைத் தட்டலாமா என்பதெல்லாம் அந்த ஊர் ஹெல்த் வொர்க்கருக்குத்தான் தெரியும்" என்றார் சிஸ்டர். அந்த மக்களிலிருந்தே பயிற்சி பெற்று வரும் ஹெல்த் பிராக்டிஷனர்களுக்கு 2012 முதல் நர்ஸ்களைப் போலவே தேசியப் பதிவு உண்டு. அந்தப் பதிவுக்குப் பூர்வகுடியாகவே இருக்க வேண்டும்.

ஒரு பெண் துணிந்து கேட்டாள்: "அப்போ நாம எதுக்கு, சிஸ்டர்?" சிஸ்டர் சிரித்தார். ஆறு மாதத்தில் மூட்டை கட்டுகிற நர்ஸ்களால் அந்தக் கிளினிக்குகள் படும் பாட்டைச் சொன்னார். போனால் கொஞ்ச வருடமாவது இரு, உன்னோடு வேலை செய்கிற உள்ளூர்ப் பெண் மேலே படிக்க ஷிஃப்டை மாற்றிக் கொடு, அவள் பேச்சைக் கேள். அவ்வளவுதான் அவர் சொன்ன பதில். கிராமப்புற வேலை என்றால் சீக்கிரம் பிஆர் (நிரந்தரக் குடியுரிமை விசா) கிடைக்கும் என்று மட்டுமே பேசிய ஒரு ஏஜென்சிக்காரர் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ரைட்டிங்குக்கு வேறு இடம் பாருங்கள். ஹெட்போன் சொந்தமாகக் கொண்டு போங்கள். சனிக்கிழமை வகுப்பு மூன்று மணிக்கு. இரண்டே முக்காலுக்குப் போனால் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்கும்.