மாற்றாத செயினுக்கு 34,600 ரூபாய்

காரில் வந்த ஒரு சத்தத்தைக் காட்டப் போய், கோவையில் ஒரு பெரிய கார் ஒர்க்‌ஷாப்பில் ஏமாந்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. இதே சத்தம் நாளை உங்கள் வண்டியிலும் வரலாம் என்பதால், ஏமாந்த விதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் ஊட்டி. ஒன்பது வயதான பெட்ரோல் கார், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டிசம்பர் தொடக்கத்திலிருந்து, காலையில் சாவியைத் திருப்பியதும் சோழிகளைத் தகரத் தட்டில் கொட்டியதுபோல் கடகடவென்று ஒரு சத்தம். மூன்று எண்ணுவதற்குள் அடங்கிவிடும். அதன்பிறகு நாள் முழுவதும் ஒரு முனகல்கூட இருக்காது.

உறவினர் வீட்டு விசேஷத்துக்காகக் கோவைக்கு இறங்கியபோது வண்டியை அந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். 85 கிலோமீட்டர் ஓடி வந்த என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்தவர் இரண்டு முறை ஸ்டார்ட் செய்தார். “சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே சார்” என்றார். பத்தே நிமிடத்தில் தீர்ப்பும் சொன்னார்: “டைமிங் செயின் தளர்ந்துவிட்டது. ஓட்டத்தில் நழுவினால் வால்வு பிஸ்டனில் மோதி என்ஜினே போய்விடும். குடும்பத்தோடு மலை ஏறுகிறவர் நீங்கள்.”

கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது பொய்யில்லை. என்ஜினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் தாளம் தவறாமல் ஓடவைப்பது இந்தச் செயின்தான். அது நழுவினால் பல என்ஜின்களில் அப்படித்தான் ஆகும். என் வண்டியின் செயின் தளர்ந்திருக்கிறது என்பதற்குத்தான் அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. என்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரைக் கழற்றிப் பார்க்கவில்லை. ஸ்கேனர் மாட்டவில்லை. சத்தத்தையே கேட்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்தும், “குடும்பத்தோடு” என்ற அந்த ஒரு சொல்லுக்குத் தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் மாலை பில் வந்தது: செயின், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், ஆயில், ஆயில் ஃபில்டர், கூலி, வரி எல்லாம் சேர்த்து 34,600 ரூபாய். பழைய செயினைக் கேட்டதற்கு, “ஸ்கிராப்புக்குப் போய்விட்டது சார்” என்றார்கள். அங்கேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஊட்டி திரும்பிய மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே சோழி, அதே தட்டு. போன் செய்தால், “புதுச் செயின் படிய 500 கிலோமீட்டர் ஓட வேண்டும்” என்றார்கள். ஓட்டினேன். படியவில்லை.

கடைசியில் ஊட்டியிலேயே ஒரு சின்னப் பட்டறை. அறுபதைத் தாண்டிய அந்த அண்ணன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “இன்று ராத்திரி வண்டி இங்கேயே பனியில் நிற்கட்டும். காலையில் நீங்கள் வரும்வரை சாவியைத் தொட மாட்டேன்” என்றார்.

காலை ஆறரைக்குப் போனேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். “ஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் காதைத் தீட்டாதீர்கள், டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கைப் பாருங்கள்” என்றார். விளக்கு மூன்று நொடி எரிந்தது. அது அணைந்த அதே கணத்தில் சத்தமும் நின்றது. இத்தனை நாள் கண்ணெதிரே எரிந்த விளக்கு அது.

ஆயில் அழுத்தம் ஏறும்வரைதான் சத்தம் என்றால் செயினைக் குறை சொல்வதற்குமுன் ஆயிலைப் பார்க்க வேண்டும் என்றார். அந்த டென்ஷனர் பல வண்டிகளில் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. என்ஜின் நின்றபின் ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிடாமல் இருக்க, ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். என் வண்டியில் ஃபில்டர் படுக்கைவாட்டில் மாட்டப்பட்டிருக்கிறது; அந்த ரப்பர் மூடாவிட்டால் ராத்திரியில் ஃபில்டர் காலியாகிவிடும். காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பியாக வேண்டும். அதுவரை டென்ஷனருக்குப் பட்டினி, செயின் ஆடும்.

ஃபில்டரைக் கழற்றினார். ஓரத்துச் சிறு துளை வழியே பென்சிலால் அழுத்திக் காட்டினார். வளைந்து கொடுக்க வேண்டிய ரப்பர், காய்ந்த அப்பளம்போல் விறைத்திருந்தது. மலிவான போலி ஃபில்டர். அதன் மேல் மார்க்கர் பேனாவில் ஒரு கிலோமீட்டர் கணக்கு எழுதியிருந்தது: நவம்பரில் இங்கே தெருமுனையில் நான் ஆயில் மாற்றியபோது எழுதியது! டிசம்பரில் கோவையில் “மாற்றிய” ஃபில்டர் அதுதான். நவம்பருக்கும் சத்தத்துக்கும் முடிச்சுப் போடாதது என் மடத்தனம்.

பிறகு டார்ச் அடித்துச் செயின் கவரைக் காட்டினார். அதன் போல்ட்டுகளின் தலையில் பல வருடத்து எண்ணெய்ப் புழுதி அப்படியே அப்பியிருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கவரைக் கழற்றி மாட்டினால் ஓரத்தில் புதுப் பசை பிதுங்கி நிற்குமாம். அதுவும் இல்லை. கவரையே திறக்காமல் செயினை எப்படி மாற்றினார்களோ, மந்திரம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

அசல் ஃபில்டர், வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் 5டபிள்யூ-30 ஆயில், கூலி 300. மொத்தம் 2,700 ரூபாய். மறுநாள் காலை, விளக்கு ஒரு நொடிக்குள் அணைந்தது. சத்தம் இல்லை.

குளிரில் வரும் சத்தமெல்லாம் இதே கோளாறு அல்ல. கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தம் மாறும். டிக் டிக் என்று தொடங்கி என்ஜின் சூடேறியதும் மறைந்தால், புகைக்குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் கசிவு இருக்கலாம், கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடியிலிருந்து கனமாகத் தட்டும் சத்தம் சூடேறியபின்னும் தொடர்ந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். எதுவானாலும், குளிர்ந்த என்ஜினின் முதல் ஸ்டார்ட்டைத் தன் காதால் கேட்காதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வேலை தொடங்குவதற்குமுன், கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். புகார் போன பிறகு ஒர்க்‌ஷாப்பிலிருந்து குரலில் தேன் வழிகிறது: “வண்டியை ஒருமுறை கொண்டு வாருங்கள் சார், எங்கள் செலவில் என்ஜினையே கழுவித் தருகிறோம்.” பட்டறை அண்ணனிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். போல்ட்டுகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக பானெட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை.